கறவைமாடு வளர்ப்போர் அறியவேண்டுவன

காவிரி பாயும் தஞ்சை நாடு நெல்லின் நாடென்பதை யாவரும் அறிவர். எனினும், ஓர் அறுவடைக்கும் மறு அறுவடைக்கும் இடையே சிறு குடிகள் பலவற்றிற்கு நாள்தோறும் காசு தருவது பாலே. இந்நாட்டுக்குரிய உம்பளச்சேரி மாடு சேற்றில் உழுதற்குப் பெயர்பெற்றது. பால் மிகுதிக்கு அன்று. ஆகலின், பாலை நாடியோர் கலப்பினப் பசுக்களைக் கொண்டனர். புதிய மாடு வந்தது. அதனைப் பேணும் அறிவும் உடன் வந்ததோ?

சென்ற விடுமுறையில் எம்மூரில் ஓர் இல்லத்திற் பசு ஈன்றது. நஞ்சுக்கொடி விழுமுன் சீம்பால் ஊட்டலாகாதென்று அவ்வீட்டார் காத்திருந்தனர். கொடி விழ எட்டு மணி நேரமாயிற்று. சில நாட்களிற் கன்று கழிச்சல் கண்டு இறந்தது. யாமும் அருகிருந்தோம், ஒன்றும் அறியாதிருந்தோம்.

பின்னர்க் கேட்டறிந்தது இது: பசுவினத்தில் தாயின் நோயெதிர்ப்பாற்றல் கருவிலிருக்கும் கன்றை அடைவதில்லை, சீம்பாலின் வாயிலாகவே அடைகின்றது. அதனை ஏற்கும் குடலின் திறமோ மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் ஏறத்தாழ ஒழிந்துவிடும். ஆதலின், ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டல் வேண்டும். கன்று குடித்தலாற் கொடி விழுதற்கு இடையூறு இல்லை.

இரண்டாவது, சினைப்பருவம். பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒருமுறை பருவங்கொள்ளும். அஃது ஒரு நாளினும் குறைவாகவே நிற்கும். அடிக்கடி கத்துதலும், கண்ணாடிபோன்ற கோழை வழிதலும் அதன் குறிகள். காலையிற் கண்டால் மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் கருவூட்டல் முறை. தவறின், மூன்று வாரத் தீனி வீண்.

மூன்றாவது, மடிநோய். கறந்தபின் காம்பின் துளை சிறிது நேரம் திறந்தேயிருக்கும். அப்பொழுது பசு சேற்றிற் படுத்தாற் கிருமி புகும். கறந்தவுடன் தீனியிட்டு, அரைமணி நேரம் நிற்கச் செய்தல் எளிய காப்பாம்.

இவை மறைபொருள் அல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989 இல் தோன்றியது. 2012 முதல் ஒரத்தநாட்டிலேயே அதன் கல்லூரியொன்று உண்டு. அறிவு இல்லாமையன்று குறை. உரிய பொழுதில் உரியவரைச் சேராமையே குறை. எம்மூரில் யாம் கண்டவரை, தொழுவத்தைக் கூட்டுவோரும், பருவக்குறியை முதலிற் காண்போரும் பெண்டிர். பயிற்சிக் கூட்டத்திற்குச் செல்வோர் ஆடவர். கேட்டவர் வேறு, செய்பவர் வேறாயின் பயன் யாது?

ஆகவே, ஊர் திரும்பும் மாணவராகிய நாம் இம்மூன்றனையும் நம் அன்னையர்க்கும் தமக்கையர்க்கும் எடுத்துரைப்போமாக. அடுத்த கன்றேனும் பிழைக்கட்டும்.