டீசலும் உறையும்: அந்த பாட்டிலை எப்போது ஊற்ற வேண்டும்?

போன ஜனவரியில் ஒரு நாள், காலை ஏழு மணிக்கு சித்தப்பா மகன் போன் செய்தான். சண்டிகரில் வேலை பார்ப்பவன். மனைவியையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இமாச்சலத்தில் இருக்கும் கீலாங் வரை காரில் போயிருந்தான்.

"அண்ணா, வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ரெண்டு நிமிஷம் ஓடிட்டு நின்னுடுச்சு. நீங்க சொன்ன பாட்டிலை டேங்க்ல ஊத்திட்டேன், ஒண்ணும் நடக்கல. இங்க மைனஸ் பன்னிரண்டு."

அந்த அடிட்டிவ் பாட்டிலை வாங்கச் சொன்னது நான்தான். "டிக்கியில வச்சுக்கோ, பிரச்சனை வந்தா ஊத்திக்கோ" என்று சொன்னதும் நான்தான். அதுதான் தப்பு. ஏன் தப்பு என்று அப்புறம் உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

நம்ம புதுச்சேரியில் மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும் இல்லையா? 24 டிகிரி பக்கத்தில் அது கட்டியாகிவிடும். டீசலிலும் இதே கதைதான், வெப்பநிலை மட்டும் வேறு. டீசல் என்பது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் நீளமான நேர்ச்சங்கிலி பாரஃபின்கள் உண்டு. எளிதாகச் சொன்னால் மெழுகு. இவை நன்றாகத் தீப்பற்றுவதால் எஞ்சினுக்கு வேண்டியவைதான், மொத்தமாக எடுத்துவிட முடியாது. ஆனால் குளிரில் முதலில் உறைவதும் இவைதான்.

இது மூன்று கட்டமாக நடக்கும். முதலில் மெழுகு சின்னச் சின்னப் படிகமாகி டீசல் கலங்கும். இது கிளவுட் பாயிண்ட். இன்னும் குளிர்ந்தால் படிகங்கள் தட்டையாக வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். கடைசியில் டீசல் கூழாகி ஓடவே ஓடாது. அந்த எல்லைக்குப் பெயர் போர் பாயிண்ட்.

நடுவில் உள்ள ஃபில்டர் கட்டத்தில்தான் தம்பி மாட்டிக்கொண்டான். குழாயில் மிச்சமிருந்த டீசலில் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஃபில்டர் அடைத்ததும் நின்றுவிட்டது.

இந்த அடைப்பு எந்த வெப்பநிலையில் வரும் என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. டீசலை ஒவ்வொரு டிகிரியாகக் குளிர்வித்து, 45 மைக்ரான் வலை வழியாக உறிஞ்சுவார்கள். 20 மில்லி டீசல் 60 விநாடிக்குள் வராமல் போகும் வெப்பநிலைதான் சி.எஃப்.பி.பி. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1460 இதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. சமவெளிக்கு அது போதும். பிரான்ஸில் இருக்கும் நம்ம ஊர்ச் சொந்தக்காரர்கள் குளிர்காலத்தில் போடும் சாதாரண டீசலுக்கே மைனஸ் 15. அதனால் அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

சரி, அடிட்டிவ் என்ன செய்கிறது? பெரும்பாலும் அது எத்திலீன் வினைல் அசிடேட் வகை பாலிமர். செருப்பின் அடிப்பாகம் செய்கிற இ.வி.ஏ.வின் குடும்பம்தான். டீசல் குளிரும்போது இது மெழுகோடு சேர்ந்து படிந்து, படிகத்தைப் பெரிதாக வளர விடாது. பெரிய தட்டுகளுக்குப் பதில் ஏராளமான பொடிப் படிகங்கள் உருவாகும். அவை ஃபில்டரில் படிந்தாலும் இடுக்கு வழியாக டீசல் போகும்.

கவனியுங்கள், அது மெழுகைக் கரைப்பதில்லை. படிகம் பிறக்கும் நேரத்தில் அது அங்கே இருந்தாக வேண்டும். உறைந்த பிறகு ஊற்றுவது, சோறு குழைந்த பிறகு தண்ணீரைக் குறைப்பது மாதிரி. இன்னொன்று, முன்பே ஊற்றியிருந்தாலும் அது சி.எஃப்.பி.பி.யை சுமார் பத்து டிகிரி கீழே தள்ளும், டீசலைப் பொறுத்துக் கூடும் குறையும். 6-லிருந்து பத்தைக் கழித்தால் மைனஸ் 4. மைனஸ் பன்னிரண்டுக்கு அது போதாமலும் போயிருக்கலாம்.

இதற்கு சரியான தீர்வு டீசலையே மாற்றுவது. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில், பானிபட் ஆலையில் தயாரித்த குளிர்கால டீசலை லடாக்கில் விற்க ஆரம்பித்தது. அதன் போர் பாயிண்ட் மைனஸ் 33 டிகிரி.

மலைக்கு டீசல் வண்டியில் போகிறவர்களுக்கு நான் இப்போது சொல்வது இதுதான்:

1. அடிட்டிவை சமவெளியிலேயே, டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போது, லேபிளில் சொன்ன அளவு ஊற்றுங்கள். அதன் மேல் டீசல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும்.
2. கிளம்பும் முன் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிடுங்கள். தண்ணீர் உறைந்தால் எந்த மெழுகு அடிட்டிவும் உதவாது.
3. லடாக்கில் குளிர்கால டீசல் கிடைக்கும் பங்கில் நிரப்புங்கள்.
4. மண்ணெண்ணெய், பெட்ரோல் கலக்காதீர்கள். இன்றைய காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் மசகு. பெட்ரோல் கலந்தால் தீ அபாயமும் உண்டு.
5. டேங்குக்குக் கீழே நெருப்பு மூட்டவே கூடாது.

புதுச்சேரிக்குள்ளேயே ஓட்டுகிறீர்களா? குளிருக்காக இந்த பாட்டில் வேண்டவே வேண்டாம்.

தம்பி எப்படி மீண்டான்? தங்கியிருந்த வீட்டுக்காரர் வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டார். வண்டியை வெயிலுக்குத் தள்ளினார்கள். பதினோரு மணிக்கு மேல் எஞ்சின் பிடித்தது. நல்லவேளை, வண்டி நின்றது வீட்டு வாசலில். நடுவழியில், இருட்டில், பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றிருந்தால்? அரைகுறையாகப் படித்துவிட்டு யாருக்கும் யோசனை சொல்லக்கூடாது என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.