தனிப்பயிற்சி – யாரிடம்? எதற்காக?

காலாண்டுத் தேர்வின் மதிப்பெண்கள் வீடு வந்து சேர்ந்ததும் பெற்றோர் பலரின் நினைவுக்கு வரும் மருந்து ஒன்றுதான்: “பையனுக்கு ஒரு டியூஷன் வைக்க வேண்டும்.” உடனே அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். நம்மிடமும் வருவார்கள். “தம்பி, நீ காலேஜில் படிக்கிறாய். நல்ல வாத்தியாராகப் பார்த்துச் சொல்லு, இல்லாவிட்டால் நீயே சொல்லிக் கொடு” என்பார்கள். தாம் பள்ளிப் படியேறாத பெற்றோருக்கு, தெருவிலே கல்லூரிக்குப் போகும் பிள்ளை சொல்வதுதான் வேதவாக்கு. அவர்கள் கொடுக்கும் பணமோ அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்தது. ஆகவே இக்கேள்விக்கு நாம் பொறுப்புடன் விடை கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

முதலில் குறையைக் காண்போம்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பார் உண்டோ? எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கில் தேறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறான். மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டிவிட்டான். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியதாயிற்றே, கூட்டினால் குறையுமா என்ற ஐயமே அவனுக்கு எழவில்லை. இவனுக்கு வேண்டுவது எட்டாம் வகுப்பின் இயற்கணிதம் அன்று. கீழ் வகுப்பில் விட்டுப்போன பின்னம். அதைச் சீர் செய்யாமல் எட்டாம் வகுப்புப் பாடத்தையே மாலையிலும் திருப்பிச் சொல்வது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது போன்றதாகும்.

இக்குறையைக் கண்டறிவது கடினமன்று. கீழ் வகுப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். நான்கு கணக்குகள் போடச் சொல்லலாம். எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வகுப்பாசிரியரை ஒருமுறை நேரில் கண்டு பேசுவதும் நன்று. கரும்பலகை எழுத்து சரியாகத் தெரியாத பிள்ளையும் மந்தமான பிள்ளையாகத் தோற்றமளிப்பதுண்டு. அதற்கு வேண்டுவது டியூஷன் அன்று, மூக்குக் கண்ணாடி.

பட்டமா? பொறுமையா?

பெரிய பட்டம் பெற்றவரே நல்ல ஆசிரியர் என்பது பொதுவான நம்பிக்கை. கணித மேதை இராமானுஜன் தம் வறுமைக் காலத்தில் தனிப்பயிற்சி சொல்லிக் கொடுக்க முயன்றவர். ஆனால் அவர் மனம் பாடத்திட்டத்தை விட்டு உயரே பறந்துவிடும். தேர்வுக்குப் படிக்க வந்தவர்கள் பின்தொடர இயலாமல் திகைத்தனர். அவரது மேதைமைக்கு இது இழுக்காகாது. அறிவது வேறு, அறிவிப்பது வேறு என்பதற்கே இது சான்று.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் மும்பையிலும் வடோதராவிலும் ‘பால்சகி’ என்றொரு திட்டத்தை நடத்தியது. பள்ளி இறுதி வரை படித்த உள்ளூர்ப் பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி நேரம் எழுத்தும் எண்ணும் அடிப்படையிலிருந்து கற்பித்தனர். இதனை ஆராய்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் 2007-இல் கட்டுரை வெளியிட்டனர். பிள்ளைகளின் மதிப்பெண்கள் உயர்ந்தன. மிகவும் பின்தங்கியவர்களே மிகுந்த பயன் பெற்றனர். ஓராண்டு கழிந்தபின் அப்பயனில் ஒரு பகுதி தேய்ந்துபோனதையும் அவர்கள் மறைக்கவில்லை. பிள்ளை நிற்கும் படியிலிருந்து கைபிடித்து ஏற்றுவதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை, பொறுமையும் இடைவிடாத பழக்கமும் தேவை என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

யாரை நாடலாம்?

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருப்போர், கல்லூரி மாணவ மாணவியர் ஆகியோரை நாடலாம். பிள்ளையின் பள்ளி ஆசிரியரையே டியூஷனுக்கு அழைப்பது முறையன்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவில், பள்ளி ஆசிரியர்கள் தனிப்பயிற்சியில் ஈடுபடுவதைத் தடை செய்கிறது. வகுப்பில் கிடைக்க வேண்டிய பாடம் மாலையில் விலைக்கு வந்துவிடக் கூடாதல்லவா?

சேர்க்குமுன் சிலவற்றை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். எத்தனை பிள்ளைகள் ஒன்றாக அமர்வார்கள்? வாரத்தில் எத்தனை நாள்? எந்தப் பாடம்? கட்டணம் எவ்வளவு? முப்பது பிள்ளைகள் கூடினால் அது இன்னொரு வகுப்பறைதான். அங்கு தனிக் கவனத்தை எதிர்பார்க்க இயலாது. பாடம் நடக்கும் இடம் பெரியவர்கள் வந்துபோகும் திண்ணையாகவோ, கதவு திறந்த கூடமாகவோ இருத்தல் வேண்டும். ஆண் பிள்ளையாயினும் பெண் பிள்ளையாயினும் இதில் தயக்கம் கூடாது. நல்ல ஆசிரியர் இதனைத் தவறாக எண்ணமாட்டார்.

ஒரு மாதம் கழித்து

ஒரு மாதம் ஆனதும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். விடைகள் எல்லாம் பிழையின்றி அழகாக இருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஆசிரியர் எழுதிப் போட்டதைப் பிள்ளை பார்த்து எழுதியிருக்கலாம். தவறும், அதன்கீழே பிள்ளை தன் கையாலேயே போட்ட திருத்தமும் காணப்பட்டால் அதுவே கல்வி நடந்ததற்கு அடையாளம்.

எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இச்சோதனையை நடத்தலாம். “இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரியும்படி சொல்லு” என்று கேட்டால் போதும். புத்தகத்தைப் பாராமல் பிள்ளை சொந்தச் சொற்களில் விளக்குமானால் பாடம் உள்ளே இறங்கியிருக்கிறது. ஒப்பித்துவிட்டு விழிக்குமானால் இறங்கவில்லை.

இறுதியாக, மாலை நேரங்களில் பாடம் சொல்லிக் கொடுத்துத் தம் பேருந்துச் செலவுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வழி தேடிக்கொள்ளும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டுப்பாடத்தை நாமே செய்து கொடுத்தால் பிள்ளை மகிழும், பெற்றோரும் மகிழ்வர், மாதக் கட்டணமும் தவறாமல் வரும். ஆனால் தேர்வு அறையில் அந்தப் பிள்ளை தனியாக அமர்ந்திருக்கும்போது நாம் அருகில் இருக்கமாட்டோம். “இனி நானே படித்துக்கொள்வேன், அண்ணா” என்று ஒரு பிள்ளை சொல்லும் நாளில் நமக்கு ஒரு வருமானம் குறையலாம். அந்த நாளைக் கொண்டுவருபவரே நல்ல ஆசிரியர். நம்மைத் தேடி வரும் பெற்றோருக்கு அத்தகையவரையே காட்டுவோம். முடிந்தால் நாமே அத்தகையவராய் இருப்போம்.