மூன்றடுக்கு கேரியர்: குடும்பக் கார் எப்படி விற்கிறது?

கண்ணமங்கலம் பக்கத்து வீடுகளில் பரணைத் துழாவினால் ஒரு எவர்சில்வர் கேரியர் கிடைக்கும். வேலூர் ஆஸ்பத்திரியில் யாரையாவது சேர்த்திருந்தால் அது கீழே இறங்கும். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் புறப்பட்டால் இறங்கும். ஆரணிக்குக் கல்யாணப் பட்டு எடுக்கப் போகிற நாளில், கடையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரிந்த அம்மா அதைக் கட்டாயம் இறக்குவார். கீழடுக்கில் புளிசாதம், நடுவில் தயிர்சாதம், மேலே உருளைக்கிழங்கு வறுவல். மூன்றையும் ஒரே பிடி கட்டிப்போடுகிறது. ஒன்றின் வாசனை இன்னொன்றில் ஏறாது.

ஊரை ஒட்டிப் போகும் வேலூர்–திருவண்ணாமலை சாலையில் ஓர் அரைமணி நேரம் நின்று பாருங்கள். முன்னால் மூக்கு, நடுவில் கூண்டு, பின்னால் டிக்கி என்று மூன்று டப்பாக்களைச் சேர்த்து வைத்தது போன்ற கார்கள் வெள்ளை போர்டோடும் மஞ்சள் போர்டோடும் போய்க்கொண்டிருக்கும். டிசையர், அமேஸ், ஆரா, எட்டியோஸ், இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் பழைய இண்டிகோ. இந்த உருவத்துக்குச் செடான் என்று பெயர்.

அமெரிக்காவில் குடும்பக் கார் என்றாலே வெகுகாலம் இந்த உருவம்தான். 1965-ல் செவ்ரோலே இம்பாலா ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இந்தியாவில் 2018-ல் விற்பனையில் முதலிடம் பிடித்தது மாருதியின் டிசையர், எண்ணிக்கை 2,64,612. பல ஆண்டுகளாக அந்த இடத்தில் இருந்த ஆல்ட்டோவை அது இறக்கியது.

இந்தக் காரின் படத்தை யாரும் படுக்கையறைச் சுவரில் ஒட்டுவதில்லை. பிறகு எப்படி இவ்வளவு விற்கிறது? அடுப்படிக்குள் போய்ப் பார்ப்போம்.

அடுக்கு

செடானின் முதல் அடுக்கில் எஞ்சின், இரண்டாவதில் மனிதர்கள், மூன்றாவதில் சாமான். சின்னக் கார்களில் (ஹேட்ச்பேக்) இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே பாத்திரம். பின்சீட்டுக்குப் பின்னால் ஒரு தட்டை மட்டும் போட்டு மறைத்திருப்பார்கள்.

வித்தியாசம் புரிய ஜவ்வாது மலைக்குப் போய் வாருங்கள். ஜமுனாமரத்தூரிலிருந்து திரும்பும்போது ஒரு பலாப்பழமும், சாமை அரிசி மூட்டையும், தேன் பாட்டில்களும் வாங்கியிருப்பீர்கள். ஹேட்ச்பேக்கில் போளூர் வருவதற்குள் நீங்களே பலாச்சுளை ஆகிவிடுவீர்கள். செடானில் பழம் தன் அறையில் வரும், நீங்கள் உங்கள் அறையில் வருவீர்கள்.

இடமும் கூடுதல். ஒரே வம்சத்தைச் சேர்ந்த, 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டின் பின்பக்கக் கொள்ளளவு 268 லிட்டர். 2017-ல் வந்த டிசையரின் டிக்கி 378 லிட்டர். அண்ணன் தங்கைக்கு நடுவே 110 லிட்டர். கல்யாணத்துக்குப் போகும் குடும்பத்துக்கு அது ஒரு பெரிய சூட்கேஸும் ஒரு சீர்த்தட்டுப் பையும்.

குடும்பத்துக்கு ஏற்றபடி அடுக்கை மாற்றுவது நமக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவுக் கார். அதை இங்கே தயாரித்த சென்னையின் ஸ்டாண்டர்டு கம்பெனி, பின்னாளில் நான்கு கதவு வைத்து விற்றது. முன்சீட்டை மடக்கி, குனிந்து, பின்சீட்டுக்குள் நுழைவதைப் பட்டுப்புடவை கட்டியவர்களிடம் சொல்லிப் பார்த்திருந்தால் காரணம் தெரியும். 1957 முதல் 2014 வரை ஓடிய அம்பாசடரும் இதே மூன்றடுக்குதான்.

மாவு

காலையில் இட்லி, இரவில் தோசை, மறுநாள் புளித்ததும் பணியாரம். எல்லாவற்றுக்கும் மாவு ஒன்றுதான். ஆட்டுவதுதான் பெரிய வேலை, ஊற்றுவது சின்ன வேலை.

கார் கம்பெனிக்கும் அப்படித்தான். அடிச்சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், டேஷ்போர்டு ஆகியவற்றை வடிவமைத்துச் சோதித்து, அச்சு செய்து முடிப்பதற்குள் கோடிக்கணக்கில் செலவாகிவிடும். இதுதான் ஆட்டிய மாவு. மாருதி 2005-ல் ஸ்விஃப்ட்டுக்காக ஆட்டியது. அதே மாவில் பின்பக்கம் ஒரு டிக்கியைச் சேர்த்து 2008 மார்ச்சில் ஸ்விஃப்ட் டிசையரை ஊற்றியது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாய் செய்ததும் இதுவே. கிராண்டு ஐ10-லிருந்து எக்ஸென்ட், நியோஸிலிருந்து ஆரா. ஹோண்டாவுக்குப் பிரியோவிலிருந்து அமேஸ், டாடாவுக்குத் தியாகோவிலிருந்து டிகோர்.

இதில் வாங்குகிறவருக்கு என்ன லாபம்? விலை முதல் லாபம். இரண்டாவது லாபம் வாங்கிய பிறகுதான் தெரியும். லட்சக்கணக்கான ஸ்விஃப்ட்டுக்கும் உங்கள் டிசையருக்கும் பிரேக் பேடு, கிளட்ச் தட்டு, பெல்ட் எல்லாம் பெரும்பாலும் ஒன்று. திருவண்ணாமலை தீபத்துக்குப் போகும் வழியில் வண்டி மக்கர் செய்தால், போளூரில் இருக்கும் ஒர்க்‌ஷாப்காரர் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். வீட்டில் எப்போதும் மாவு இருக்கிற தைரியம் அது.

அலமாரி

இந்தியச் செடானின் தனிக் கதை இங்கேதான் இருக்கிறது. கேரியர் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைச் சமைப்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை. அலமாரித் தட்டின் உயரமும் முடிவு செய்கிறது. இங்கே அலமாரியை அடித்தவர் நிதி அமைச்சர்.

2006 மத்திய பட்ஜெட்டில் ஒரு விதி வந்தது. கார் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள். அடங்கினால் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறையும். சின்னக் கார்களை மனதில் வைத்து எழுதிய விதிதான். ஆனால் செடான்காரர்கள் அதை வேறு மாதிரி படித்தார்கள்: மூன்றடுக்கையும் 4 மீட்டருக்குள் அமுக்கினால் என்ன?

டாடா முதலில் அமுக்கியது. 2008 ஜனவரியில் வந்த இண்டிகோ சி.எஸ். 3988 மில்லிமீட்டர். அதே ஆண்டு மாருதி கொண்டுவந்த முதல் டிசையர் 4160 மில்லிமீட்டர். 440 லிட்டர் தாராள டிக்கி, ஆனால் அலமாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. 2012-ல் இரண்டாவது டிசையர் வந்தபோது நீளம் 3995. எங்கே வெட்டினார்கள்? கடைசி அடுக்கில். டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பின்பக்கம் கத்தியால் நறுக்கியது போல இருக்கிறது என்று பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். வாங்குவதை நிறுத்தவில்லை. 2017-ல் அதே நீளத்துக்குள் உள்ளிடத்தைத் திருத்தி அடுக்கி, டிக்கியை 378-க்கு ஏற்றினார்கள். அதே டப்பாவில் இன்னும் இரண்டு கரண்டி சாதம் அடைக்கத் தெரிந்த கை அது.

2007-ல் மஹிந்திராவும் ரெனோவும் சேர்ந்து விற்ற லோகன் ஐந்து பேர் கால் நீட்டி உட்காரக்கூடிய, உழைக்கிற வண்டி. ஆனால் 4 மீட்டரைத் தாண்டியதால் கூடுதல் வரியைச் சுமந்துகொண்டே சந்தையில் நின்றது. சமையல் நன்றாக இருந்தும் பாத்திரம் அலமாரியில் ஏறவில்லை.

அந்த அலமாரி இன்றும் அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த அளவுக்குள் அடங்கும் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டும் பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. அரை அடி நீளத்துக்கு 22 சதவீதம் என்றால் எந்தச் சமையல்காரரும் அளந்துதான் ஊற்றுவார்.

அடுப்பு

விறகு விலை தெரியாமல் சமையல் இல்லை. டிசையர் காலூன்றிய ஆண்டுகளில் விறகு டீசல். அதன் விலையை 2014 அக்டோபர் வரை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்தது, பெட்ரோலைவிட வெகு குறைவு. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை உரிமம் பெற்று மாருதி தயாரித்தது. அது 1500 சி.சி. வரம்புக்குள்ளும் அடங்கியது. வரியிலும் லாபம், பெட்ரோல் பங்க்கிலும் லாபம்.

பிறகு விலைக் கட்டுப்பாடு போயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததும் மாருதி டீசலையே நிறுத்தியது. அடுப்பு மாறியது, சமையல் நிற்கவில்லை. 2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை டிசையருக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் பெட்ரோலில் லிட்டருக்கு 24.79 கிலோமீட்டர், சி.என்.ஜி.யில் கிலோவுக்கு 33.73. சாலையில் குறையும். மலை ஏறும்போது நன்றாகவே குறையும்.

சி.என்.ஜி.யில் ஒரு சங்கடம் உண்டு. சிலிண்டர் உட்காருவது டிக்கியில். மூன்றாவது அடுக்குக்காகக் கேரியர் வாங்கி, அதில் விறகை அடுக்குவது போல. டாடா இதற்கு ஒரு வழி செய்தது: 2023-ல் டிகோரில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சின்னதை டிக்கித் தரைக்கு அடியில் படுக்க வைத்தது.

பழைய சோறு

இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அது வேறோர் உணவு. குடும்பச் செடானுக்கும் இரண்டாவது நாள் உண்டு. ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு விற்றால் வாங்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் நம் ஊரில் முதல் முறையே வாங்குவார்கள். டிசையருக்கு ஆள் இருக்கிறது, அதில் டாக்சிக்காரர்களும் உண்டு.

மாருதி இதைத் திட்டமிட்டே செய்தது. புது உருவம் வந்தபோது பழைய உருவத்தைத் தூக்கிப் போடாமல் 'டூர்' என்ற பெயரில் டாக்சிக்கு விட்டது. 2017-ல் புதிய டிசையர் ஷோரூமுக்கு வந்தபோது, பழையது டூர் எஸ் ஆனது. வீட்டுக்காரருக்குப் புது முகம். வாடகை ஓட்டுபவருக்குப் பழகிய, விலை குறைந்த வண்டி. டாக்சியில் போகிறவர் ஒவ்வொருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து, டிக்கியில் பெட்டி வைத்து, காசு கொடுத்தே சோதித்துப் பார்த்துவிடுகிறார். இதைவிட மலிவான விளம்பரம் இல்லை.

ஆனால் இது அளவு மீறினால் கெடும். அமெரிக்காவில் ஃபோர்டு டாரஸ் 1992 முதல் 1996 வரை முதலிடத்தில் இருந்த செடான். 1996 மாடலில் விளக்கு, கண்ணாடி, டேஷ்போர்டு என்று எங்கு பார்த்தாலும் முட்டை வடிவமாக உருவத்தை மாற்றினார்கள். குடும்பங்கள் தயங்கின, அந்த ஆண்டு முதலிடத்தைக் காப்பாற்ற வாடகைக் கம்பெனிகளுக்குப் பெருமளவில் விற்க வேண்டியிருந்தது. 1997-ல் டொயோட்டா கேம்ரி மேலே வந்தது. அதற்கு முன்பே, 1988-லிருந்து, கென்டக்கி மாநிலத்து ஜார்ஜ்டவுனில் அது தயாராகிக்கொண்டிருந்தது. ஜப்பான் பெயர், அமெரிக்க அடுப்பு. அதில் புதுமை தேடினால் அதிகம் கிடைக்காது. தினமும் ஒரே பதத்தில் இறங்கும் ரசம் மாதிரி. தினம் வைக்கிற ரசத்தில் ஒருநாள் பட்டை, கிராம்பு போட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று ஃபோர்டுக்கு நம் வீடுகளில் சொல்லியிருப்பார்கள்.

பந்தி

அப்படியானால் இப்போது ஏன் சாலையெங்கும் உயரமான வண்டிகள்? பதில் கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. முன்பு பாய் விரித்து, தரையில் இலை போட்டோம். இன்று மேசை நாற்காலிதான் பந்தி. சாப்பாடு மாறவில்லை, முழங்கால் மாறிவிட்டது.

செடானில் உட்காருவது தரைப்பந்தி. குனிந்து இறங்கி உட்கார வேண்டும், கையூன்றி எழ வேண்டும். எஸ்.யு.வி. நாற்காலிப் பந்தி, பாட்டி நின்ற வாக்கில் இடுப்பைச் சாய்த்தால் சீட்டு இருக்கும். சாலையும் அதற்கே சாட்சி சொல்கிறது. டிசையரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர், டாடா பஞ்சுக்கு 187. ஐந்து பேரும் நிறைந்த டிக்கியுமாகக் கிராமத்து வேகத்தடையில் ஏறும்போது அந்த 24 மில்லிமீட்டரின் அருமை காதில் கேட்கும். பஞ்சும் 4 மீட்டருக்குள் அடங்குகிறது, அதே வரிச் சலுகையில் வருகிறது. 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான்.

அமெரிக்காவில் பந்தி இன்னும் முன்பே மாறிவிட்டது. 2018 ஏப்ரலில் ஃபோர்டு அங்கே செடான்களைக் கைவிடப்போவதாக அறிவித்தது. செவ்ரோலே மாலிபுவின் உற்பத்தி 2024 நவம்பரில் நின்றது. கேம்ரி அடுப்பை மாற்றி, ஹைப்ரிடு மட்டுமே என்று ஆகி, நிற்கிறது.

ஆக, செடானை விற்பது ஏதோ ஒரு ருசி மட்டும் அல்ல. அடுக்கு, மாவு, அலமாரி, அடுப்பு, மறுநாள் மதிப்பு ஆகிய ஐந்தும் ஒரே நேரத்தில் பதமாக அமைந்தால் விற்கிறது. ஒன்று பிசகினாலும் பந்தி வேறு பக்கம் போகிறது. உயரமான வண்டிகள் பெருகிய பிறகும் டிசையர் நிற்பதற்குக் காரணம், அந்த ஐந்தும் இன்னும் அதில் கலையாமல் இருப்பது.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேலை செய்யுங்கள். ஷோரூமுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் முழங்கால் வலி உள்ளவரையும், உங்களிடம் இருப்பதிலேயே பெரிய பெட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரைப் பின்சீட்டில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பெட்டியை டிக்கியில் வைத்து மூடிப் பாருங்கள். விலைப்பட்டியலை அதற்குப் பிறகு கேட்டால் போதும்.