அகல் விளக்குக்கு ஆனியிலேயே முன்பணம்

கார்த்திகை வந்தால் நாரணாபுரம் மளிகைக் கடைகளில் எண்ணெய், திரியோடு அகல் விளக்கும் விற்கிறோம். தைக்கு முன் பொங்கல் பானை. அச்சரக்கின் பின்னுள்ள உழைப்பை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக ரயில் செல்லும் மானாமதுரை, மண்பாண்டத்துக்கும் கடத்துக்கும் பெயர் பெற்ற ஊர். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்திருக்கிறார்கள். கண்மாய் மண்ணைச் சலித்து, மணல் சேர்த்து மிதித்து, வனைந்து, தட்டி, உலர்த்தி, சூளையிடும் வரை குடும்பமே உழைக்கிறது.

சிக்கல் பருவத்தில்தான். விளக்கு விற்பது மழைக்காலத்தில். அப்போது பச்சை மண் எளிதில் உலராது, விறகும் நனையும். ஆகவே வெயில் காலத்திலேயே செய்து அடுக்கிவைக்க வேண்டும். மண், விறகு, கூலிக்குப் பணம் அன்றே வேண்டும். விற்ற காசு வருவதோ மாதங்கள் கழித்து. இடையில் வட்டிக் கடன்தான்.

பட்டாசுக்கு முன்பணம் கட்டுவது நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனியிலேயே நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து ஆர்டரும் முன்பணமும் கொடுத்தால், அவர்களுக்கு வட்டி மிச்சம். நமக்குச் சரக்கு நிச்சயம். வைக்கோல் பரப்பி ஒரே வண்டியில் ஏற்றினால் உடைசல் குறையும், வாடகையையும் பகிர்ந்துகொள்ளலாம். வரும் ஆனியில் நாமே தொடங்குவோமே!