தன்னழற்சி நோய்களில் ஐயத்துக்குரிய மரபணு மாறுபாடுகளின் ஆய்வகச் சோதனை

மரபணு அறிக்கையில் "பொருள் உறுதிப்படாத மாறுபாடு" எனக் குறிக்கப்பட்ட ஒரு மாற்றம், அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வேலையை உண்மையிலேயே கெடுக்கிறதா என்று நேரடியாகப் பார்த்து அறியும் முறை செயற்பாட்டுச் சோதனை எனப்படும். இது நோயாளியின் குருதியிலோ ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களிலோ செய்யப்படுகிறது. மரபுவழித் தன்னழற்சி நோய்களில் இதன் பயன் மிகுதி.

தன்னழற்சி நோயில், கிருமி ஏதும் நுழையாமலேயே உடலின் பிறவி நோயெதிர்ப்பு மண்டலம் அழற்சியைத் தொடங்கிவிடுகிறது. மீண்டும் மீண்டும் காய்ச்சல், வயிற்றுவலி, மூட்டுவீக்கம், தோல் தடிப்பு ஆகியவை இதன் பொதுவான அறிகுறிகள். இத்தொகுதியில் முதலில் மரபணு கண்டறியப்பட்ட நோய் நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சல். அதற்குரிய எம்இஎஃப்வி மரபணு 1997-இல் அடையாளம் காணப்பட்டது. "தன்னழற்சி" என்ற பெயர் அதற்குப் பின், 1999-இல்தான் வழக்குக்கு வந்தது.

அறிக்கையின் நடுப்படி

2015-இல் அமெரிக்காவில் வெளியான வழிகாட்டுதல் மாறுபாடுகளை 5 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு முனையில் நோய் தருபவை, மறுமுனையில் தீங்கற்றவை. நடுப்படியில் இருப்பதற்கு, எந்தப் பக்கமும் சொல்லச் சான்று போதவில்லை என்பது மட்டுமே பொருள். இதைப் "பாதி நோய்" என்று குடும்பத்தார் எடுத்துக்கொள்வதுண்டு, அது சரியன்று. இன்னும் திருத்தப்படாத விடைத்தாளுக்கு மதிப்பெண் ஏது?

இந்தியர்களின் அறிக்கைகள் நடுப்படியில் சிக்குவதற்கு ஒரு முக்கியக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வழியினரே மிகுதியாக இருப்பது. இக்குறையைப் போக்க, இந்திய அறிவியல் தொழில் ஆய்வு மன்றம் 2019-இல் தொடங்கிய இண்டிஜென் திட்டத்தில் 1029 இந்தியர்களின் முழு மரபணுத்தொகை படிக்கப்பட்டது. அத்தரவிலிருந்து தன்னழற்சி நோய்களுக்குரிய மாறுபாடுகள் தனியே ஆராயப்பட்டு 2021-இல் முடிவுகள் வெளியாயின.

இ148கியூ என்னும் மாறுபாடு

எம்இஎஃப்வி மரபணு உருவாக்கும் பைரின் புரதத்தில், 148-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாகக் குளுட்டமின் அமைவதே இ148கியூ. தெற்காசியர்களிடம் இம்மரபணுவின் 100 படிகளில் ஏறத்தாழ 30-இல் இது காணப்படுகிறது. ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு படிகள் உண்டு. எனவே எளிய கணக்கிலேயே 100 பேரில் ஏறத்தாழ 51 பேரிடம் ஒரு படியேனும், 9 பேரிடம் இரண்டு படிகளும் இருக்கும். இது தனித்து நின்று நோயை உண்டாக்குவதாயின் ஊருக்கு ஊர் இக்காய்ச்சல் பரவிக் கிடக்க வேண்டும். அப்படி இல்லை.

ஆயினும் காய்ச்சலுடன் வரும் குழந்தையின் அறிக்கையில் இம்மாறுபாடு தென்பட்டால், நடுநிலக்கடல் குடும்பக் காய்ச்சல் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளக்கூடும். அதன்பின் வாழ்நாள் முழுதும் கோல்ச்சிசின் மாத்திரை. உண்மையான காரணத்தைத் தேடுவதோ நின்றுபோகும். (தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே கோல்ச்சிசின்தான். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு என்பதைக் கண்வலிக்கிழங்கு பயிரிடுவோர் அறிவர்.)

பைரினைச் சோதித்தல்

பைரினுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு எனக் கொள்ளலாம். முதற்பூட்டு, அதன்மேல் ஒட்டியுள்ள பாஸ்பேட்டுகள். சில நுண்ணுயிர் நச்சுகள் உயிரணுவைத் தாக்கும்போது இரு பூட்டுகளும் திறந்து, இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சிப் பொருள் வெளியாகும். நோய் தரும் மாறுபாடுள்ளவர்களிடம் இரண்டாம் பூட்டு முன்பே பழுதாகியுள்ளது. ஆகவே, பாஸ்பேட் பூட்டை மட்டும் திறக்கும் ஒரு வேதிப்பொருளை மோனோசைட் எனப்படும் வெள்ளையணுக்களில் சேர்த்தால், நலமுள்ளவரின் அணுக்கள் தாங்கிக்கொள்கின்றன. நோயாளியின் அணுக்கள் விரைவில் வெடித்து மடிகின்றன. பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் இதை 2019-இல் விளக்கினர்.

ஏடிஏ2 நொதிச் சோதனை

இந்தியாவில் இச்சோதனையின் மதிப்பைத் தெளிவாகக் காட்டுவது ஏடிஏ2 குறைபாடு. 2014-இல் விவரிக்கப்பட்ட இந்நோயில் காய்ச்சலுடன் தோலில் வலைபோன்ற நிறமாற்றம் தோன்றும். சிறு வயதிலேயே பக்கவாதமும் வரக்கூடும். இந்தியாவின் பல மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட 33 நோயாளிகளின் விவரம் 2021-இல் வெளியானது. முதலில் ஜார்ஜிய யூதர்களிடம் அறியப்பட்ட ஜி47ஆர் மாறுபாடே இங்கும் மிகுதியாகக் காணப்பட்டது. இரு படிகளும் பழுதானால்தான் நோய் வரும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் மணம் முடிக்கும் தமிழ்நாட்டில் இதை நினைவில் வைப்பது நல்லது.

சோதனை எளியது. பிளாஸ்மாவில் அடினோசினைச் சேர்த்து, அது எவ்வளவு விரைவாக இனோசினாக மாறுகிறது என்று அளப்பார்கள். நோயாளியிடம் இச்செயல் ஏறக்குறைய இராது. ஒரு படி மட்டும் பழுதான பெற்றோரிடம் ஏறத்தாழப் பாதி இருக்கும். அறிக்கையில் இரண்டு ஐயத்துக்குரிய மாறுபாடுகள் இருந்தாலும் நொதி இயல்பாக வேலை செய்தால் இந்நோய் இல்லை எனலாம்.

இங்கு ஒரு குழப்பத்துக்கு இடமுண்டு. காசநோயை அறிய நுரையீரல் உறைநீரில் ஏடிஏ அளப்பது நம் ஆய்வகங்களில் பழகிப்போன ஒன்று. அது பொதுவாக ஏடிஏ1, ஏடிஏ2 இரண்டையும் சேர்த்தே காட்டும். ஏடிஏ1-ஐ ஒரு தடுப்பானால் அடக்கிய பின் அளந்தால்தான் ஏடிஏ2-இன் தனி அளவு தெரியும். அண்மையில் பிளாஸ்மா ஏற்றப்பட்டிருந்தால் கொடையாளரின் நொதி கலந்து முடிவு பிழையாகலாம்.

முடிவு உறுதியானால் சிகிச்சையே மாறுகிறது. டிஎன்எஃப் தடுப்பு மருந்துகள் இந்நோயாளிகளுக்கு மீண்டும் பக்கவாதம் வராமல் காக்கின்றன. மூளையில் குருதிக்கசிவு ஏற்படும் இயல்பும் இந்நோய்க்கு உண்டு. எனவே பிற பக்கவாதங்களுக்குத் தரும் குருதி உறைதல் தடுப்பு மருந்துகளை இங்கு வழக்கம்போலத் தருவது ஆபத்து. டிஎன்எஃப் தடுப்பு மருந்து உறங்கிக் கிடக்கும் காசநோயை எழுப்பக்கூடும் என்பதால் முன்கூட்டியே அதற்கும் சோதிக்க வேண்டும்.

எல்லைகள்

எல்லாச் சோதனைகளும் சம எடை உடையவை அல்ல. ஒரு சோதனை மிதமான சான்றாக ஏற்கப்பட, முடிவு முன்பே தெரிந்த மாறுபாடுகள் குறைந்தது 11-ஐ வைத்து அதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று பின்னர் விதிக்கப்பட்டது. என்எல்ஆர்பி3 மரபணுவில் மாற்றம் உடலின் சில அணுக்களில் மட்டும் இருப்பதுண்டு. அப்போது வழக்கமான மரபணு வாசிப்பிலேயே அது தப்பிவிடலாம். ஆய்வகத்தில் ஒரு புரதத்தை அளவுக்கு மீறி உருவாக்கிப் பார்க்கும் முடிவு, உடலுக்குள் நடப்பதை அப்படியே காட்டும் என்றும் சொல்ல இயலாது. நடுப்படியில் உள்ள மாறுபாட்டை மட்டும் நம்பிக் கருவில் உள்ள குழந்தைக்குச் சோதனை செய்வது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

இடமும் ஒரு தடை. மோனோசைட் சோதனைக்கு உயிருள்ள அணுக்கள் தேவை. குருதி எடுத்த சில மணி நேரத்துக்குள் அது தேர்ந்த ஆய்வகத்தைச் சேர வேண்டும். ஏடிஏ2 நொதியையோ, தாளில் உலர்த்திய பிளாஸ்மாத் துளியிலிருந்தும் அளக்க முடிகிறது. அத்தாள், கிளியனூர் போன்ற சிற்றூரிலிருந்தும் ஓர் உறையில் இட்டு அஞ்சலில் செல்லக்கூடியது.