புத்தாண்டில் ஓர் உடன்படிக்கை

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில், தாராவித் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பலரும் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டையை வாங்கி வேதாகமத்துக்குள் பத்திரப்படுத்துகிறார்கள். அது கடவுள் நமக்குத் தருவது. நாம் அவருக்குத் தருவது என்ன என்று கேட்கவும் அதே இரவு ஏற்றது. 1755 ஆகஸ்டில், லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் ஆலயத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நடத்திய உடன்படிக்கை ஆராதனையில் சுமார் 1800 பேர் எழுந்து நின்று தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுத்தார்கள். பின்னாளில் மெதடிஸ்ட் சபைகளில் அது புத்தாண்டு வழக்கமாயிற்று. 1947இல் மெதடிஸ்டுகளும் இணைந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டு நூலிலும் இடம்பெற்றது.

பொங்கலுக்குள் காற்றில் பறந்துவிடும் தீர்மானத்தால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். மனிதர் தவறுவார்கள் என்று அறிந்தே இந்த உடன்படிக்கை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. தனியாக எடுக்கும் தீர்மானத்துக்கு நம் மனவுறுதி மட்டுமே துணை. சபையாக எடுப்பதற்கோ கடவுளின் கிருபையும் பக்கத்தில் நிற்பவரின் தோளும் துணை. தாராவியின் நெருக்கமான சந்துகளில் அதைச் செயலாக்கப் பெரும்பணம் தேவையில்லை: படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு மாலையில் பாடம், தனித்திருக்கும் முதியவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இந்த ஆண்டு அப்படியொரு பொறுப்பைச் சபையாக ஏற்போம். தவறினால் மறுபடியும் தொடங்குவோம்.