அப்பா வண்டிக்குப் புது பேட்டரி

நம்ம டவுனில் சத்தமே போடாமல் போகும் பேட்டரி ஆட்டோவைப் பார்த்திருப்பீங்க. எங்க அப்பா ஓட்டுவதும் அப்படி ஒரு வண்டிதான். போன கோடையில், பெரிய மார்க்கெட்டில் காய்கறி மூட்டையோடு ஒரு ஆயா ஏறினாங்க. முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வருவதற்குள் வண்டி நின்னு போச்சு. அப்பா வெயிலில் தள்ளிக்கிட்டே போய் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை.

சீட்டுக்கு அடியில் நாலு பேட்டரி இருந்தது. ஒவ்வொன்றும் 12 வோல்ட், வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். எல்லாம் ஈயமும் கந்தக அமிலமும் உள்ள பழைய வகை. இதை 1859-ல் கண்டுபிடித்தவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். (நம்ம ஊருக்குப் பொருத்தம்தான்!) சார்ஜ் இறங்கும்போது ஈயத் தகட்டின் மேல் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் போட்டால் கரைந்துவிடும். போடாமல் விட்டால் படிகமாக இறுகிப் போகும், அப்புறம் அந்த இடம் வேலை செய்யாது. அப்பா வண்டிக்கு நடந்தது அதுதான்.

முதலில் ஒரு கடையில், "ஒண்ணு மட்டும் மாத்துங்க, போதும்" என்றார்கள். மாற்றினோம். ஆறு மாதத்தில் புதுசும் போச்சு! வரிசை இணைப்பில் நாலிலும் ஒரே மின்சாரம்தான் ஓடும். பழசு மூன்றும் சீக்கிரம் காலியாகி, சீக்கிரம் நிரம்பிவிடும். அதனால் புதுசுக்கு முழு சார்ஜ் கிடைக்கவே இல்லை. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அப்புறம்தான் லித்தியம். வாங்க அம்மா வளையல் அடகுக்குப் போச்சு. அதனாலேயே நான் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1997-ல் அமெரிக்காவில் குட்எனஃப் என்பவரும், நம் நாட்டில் பிறந்த அக்ஷய பாதியும் சேர்ந்து இதைப் பற்றி எழுதினார்கள். குட்எனஃபுக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தபோது வயது 97!

ஒரு செல் 3.2 வோல்ட். 16 செல் சேர்ந்தால் 51.2 வோல்ட். பழைய நாலும் சேர்ந்து சுமார் 120 கிலோ, புதுசு ஏறக்குறைய 45 கிலோ. பழசில் மொத்தம் 4.8 யூனிட் இருந்தாலும், ரொம்ப நாள் உழைக்கணும்னா பாதிதான் செலவழிக்கலாம். புதுசில் 5.12 யூனிட்டில் எண்பது சதவீதம், அதாவது 4 யூனிட்டுக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றும் வேலையும் இல்லை.

ஆனா பெட்டியை மாற்றினால் மட்டும் போதாது. "பழைய சார்ஜரே இருக்கே" என்றார் அப்பா. மெக்கானிக் அண்ணன் விடவே இல்லை. ஈய பேட்டரி சார்ஜர், நிரம்பிய பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துக்கிட்டே இருக்கும். லித்தியத்துக்கு அது ஆகாது. உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல்கார சர்க்யூட் இருக்கிறது. எந்த செல்லாவது அளவுக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ பட்டென்று துண்டித்துவிடும். வண்டி கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் ஆம்பியரை அது தாங்குமா என்று வாங்கும் முன்பே பார்க்கணும். இல்லாவிட்டால் பாலம் ஏறும்போது வண்டி நிற்கும்.

மீட்டரும் ஏமாற்றும். ஈய பேட்டரியில் வோல்ட் மெதுவாக இறங்கும், முள்ளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். லித்தியத்தில் கடைசி வரை வோல்ட் அப்படியே இருக்கும், அப்புறம் திடீரென்று விழும். அதனால் ஆம்பியரைக் கணக்கு வைக்கும் மீட்டர் ஒன்று பொருத்தினோம். பெட்டி சிறியது என்பதால் குலுங்காமல் இருக்க பட்டை போட்டு இறுக்கினோம்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்க ஒரு ஆள் வந்து கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. ஈயம் விஷம், குழந்தைகள் மூளையைப் பாதிக்கும். புது பேட்டரி வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொண்டோம்.

போன வாரம் அந்த ஆயா மறுபடி ஏறினாங்களாம். "இன்னைக்காவது வீடு வரைக்கும் போவுமா தம்பி?" என்று கேட்டாங்களாம். போச்சு!